குளிர்வித்தால் ஏன் கூடுகிறது? ஃபெர்ரோ காந்த உலோகங்களில் காந்தத் தணிப்பும் வெப்பநிலையும்: முழுமையான வழிகாட்டி

தூய நிக்கலை அறை வெப்பநிலையிலிருந்து திரவ ஹீலியத்தின் 4 கெல்வின் வரை குளிர்வித்தால் அதன் மின்தடை பல மடங்கு குறைகிறது. அணுக்களின் அதிர்வு அடங்குகிறது. எலக்ட்ரான்கள் மோதல் இல்லாமல் நெடுந்தூரம் ஓடுகின்றன. உராய்வுக்குக் காரணமானவை எல்லாம் ஓய்ந்துவிட்ட அந்த நிலையில் காந்தத்தின் அசைவும் நீண்ட நேரம் நீடிக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்போம். நடப்பது நேர்மாறு. நிக்கலில் காந்தத் தணிப்பு, அதாவது அந்த அசைவு அடங்கும் வேகம், குளிரக் குளிர ஏறுகிறது. கோபால்ட்டிலும் அப்படியே. இரும்பிலோ பல வெப்பநிலைகளில் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. பெர்மல்லாய் என்னும் நிக்கல்-இரும்புக் கலவை ஏறக்குறைய அசையாமல் இருக்கிறது.

இந்த நான்கு நடத்தைகளையும் ஒரே சட்டகத்துக்குள் புரிந்துகொள்ள முடியும். அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். கல்லூரி அளவிலான திண்மநிலை இயற்பியல் தெரிந்திருந்தால் போதும். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வரைபடத்தின் கிடை அச்சில் வெப்பநிலையை வைத்துப் பார்க்கும் வரை இந்தப் பொருள் குழப்பமாகவே இருக்கும். அந்த இடத்தில் மின்தடை எண்ணை வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

படி 1: எது சுழல்கிறது, எது தணிகிறது

ஃபெர்ரோ காந்த உலோகத்தில் எண்ணற்ற எலக்ட்ரான்களின் ஸ்பின்கள் (எலக்ட்ரான்களுக்கு இயல்பாகவே உள்ள கோண உந்தங்கள்) பரிமாற்ற இடைவினையால் ஒரே திசையில் பூட்டப்பட்டுள்ளன. அவற்றின் கூட்டு விளைவே காந்தமாக்கல். வெளிப்புலத்தின் திசையிலிருந்து அதைச் சற்று விலக்கிவிட்டால் அது நேராகப் புலத்தை நோக்கிச் சாய்வதில்லை. கோண உந்தம் இருப்பதால் புலத்தைச் சுற்றி வட்டமிடுகிறது. இந்த அச்சுச் சுழற்சியின் அதிர்வெண் ஒரு டெஸ்லா புலத்துக்குச் சுமார் 28 கிகாஹெர்ட்ஸ். தணிப்பே இல்லை என்றால் வட்டமிடுதல் ஓயாது. காந்தமாக்கல் புலத்தின் திசையை ஒருபோதும் அடையாது.

உண்மையில் அது சுருள்பாதையில் மெல்லப் புலத்தை நோக்கி இறங்குகிறது. இந்த இறக்கத்துக்கான சமன்பாட்டை 1935இல் லாண்டாவும் லிஃப்ஷிட்ஸும் எழுதினார்கள். தணிப்புத் திருப்பு விசை காந்தமாக்கல் மாறும் வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் வகையில் கில்பர்ட் 1955இல் அதைத் திருத்தி எழுதினார். அவர் வடிவத்தில் வரும் அலகில்லாத எண்ணைத்தான் ஆல்ஃபா என்கிறோம். தணிப்பு சிறிதாக இருக்கும்போது இரண்டு வடிவங்களும் ஒரே விடையைத் தரும்.

ஆல்ஃபா என்ற எண்ணைக் கையால் தொட்டுணர ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பெர்மல்லாயில் அறை வெப்பநிலையில் ஆல்ஃபா சுமார் 0.007. சுழற்சி 10 கிகாஹெர்ட்ஸில் நடக்கிறது, அதுவும் சீரான வட்டமாக இருக்கிறது என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு 0.1 நானோ விநாடி ஆகும். வீச்சு சுமார் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்க ஏறக்குறைய 2.3 நானோ விநாடி பிடிக்கும். அதாவது 23 சுற்றுகள். ஆல்ஃபா 0.001 ஆக இருந்தால் அதே சுருக்கத்துக்கு 159 சுற்றுகள் வேண்டும்.

வழக்கமான அளவுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையில் இரும்பு 0.002 அளவு, கோபால்ட் அதைவிடச் சற்று அதிகம், நிக்கல் 0.02க்கும் மேல். கால் பங்கு கோபால்ட்டும் முக்கால் பங்கு இரும்பும் கொண்ட கலவையில் உள்ளார்ந்த தணிப்பு 0.0005 அளவுக்கு இறங்குவதை 2016இல் வெளியான அளவீடுகள் காட்டின. ஓர் உலோகத்துக்கு இது வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு.

படி 2: ஆற்றல் எங்கே போகிறது என்று கேளுங்கள்

தணிப்பு என்றால் இழப்பு. சுழலும் காந்தமாக்கல் ஆற்றலை இழக்கிறது. அதோடு கோண உந்தத்தையும் இழக்கிறது. இரண்டாவது இழப்புதான் முக்கியத் துப்பு. ஸ்பின்களைப் பூட்டி வைத்திருக்கும் பரிமாற்ற இடைவினை மொத்த ஸ்பினை மாற்றாது. எல்லா ஸ்பின்களும் ஒன்றாகச் சுழலும்போது அந்த இடைவினை தன்னந்தனியாக அவற்றை நிறுத்தவே முடியாது. கோண உந்தம் ஸ்பின்களிடமிருந்து அணிக்கோவைக்கு, அதாவது அணுக்களின் ஒழுங்கான அடுக்குக்கு, போக ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் ஸ்பின்-சுற்றுப்பாதை இணைப்பு. எலக்ட்ரானின் ஸ்பினையும், அணுக்கருவைச் சுற்றிய அதன் இயக்கத்தையும் பிணைக்கும் சார்பியல் விளைவு அது. உலோகத்துக்குள்ளேயே பிறக்கும் தணிப்பை விளக்க முனையும் எந்தக் கோட்பாட்டிலும் இந்த இணைப்பு எங்கே நுழைகிறது என்று பாருங்கள். அதைக் காட்ட முடியாத விளக்கத்தை நான் ஏற்பதில்லை.

உள்ளார்ந்த இந்த வழியைத் தவிர, ஆற்றல் வெளியேறும் வேறு வாசல்களும் உண்டு. சுழலும் காந்தமாக்கல் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. பக்கத்தில் பிளாட்டினம் போன்ற படலம் இருந்தால் ஸ்பின் அதற்குள் பாய்ந்து தொலைகிறது. ஸ்பின் ஏற்றம் எனப்படும் இதற்கான கோட்பாடு 2002இல் வந்தது. பரப்பின் கரடுமுரடுகள் சீரான சுழற்சியைக் குறுகிய அலைநீள ஸ்பின் அலைகளாகச் சிதறடிக்கின்றன; இது இரு-மேக்னான் சிதறல். அளக்கும் கருவியின் அலைநடத்தியும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஆற்றலை இழுத்துக்கொள்கிறது. இவற்றுக்கு ஆறாம், ஏழாம் படிகளில் திரும்ப வருவோம். இவை ஒவ்வொன்றும் வெப்பநிலையோடு தத்தம் போக்கில் மாறுகின்றன. ஆகவே அளந்த எண்ணை அப்படியே உள்ளார்ந்த தணிப்பு என்று எழுதிவிட முடியாது.

படி 3: எதிரெதிரான இரண்டு வழிகளைப் பிரித்தறியுங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர்நிலை இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

செக் இயற்பியலாளர் கம்பெர்ஸ்கி 1970இல் முன்வைத்த படிமத்திலிருந்து தொடங்கலாம். உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஃபெர்மி மட்டம் வரை நிரம்பியிருக்கின்றன. ஸ்பின்-சுற்றுப்பாதை இணைப்பு இருப்பதால் ஒவ்வொரு எலக்ட்ரான் நிலையின் ஆற்றலும் காந்தமாக்கலின் திசையைச் சிறிதளவு சார்ந்திருக்கிறது. காந்தமாக்கல் சுழலும்போது சில நிலைகள் ஃபெர்மி மட்டத்துக்கு மேலே எழும்புகின்றன, சில கீழே இறங்குகின்றன. ஃபெர்மி பரப்பு மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்குகிறது. மேலே எழும்பிய நிலைகளில் இருக்கும் எலக்ட்ரான்கள் கீழே காலியான இடங்களுக்கு மாற வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்து கொடுப்பது சிதறல். அதற்குத் தளர்வு நேரம் என்ற கால அளவு பிடிக்கிறது.

ஒரு தட்டில் எண்ணெய் ஊற்றி, தட்டை மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய் உடனுக்குடன் மட்டம் பிடித்தால் சாய்ப்பதற்கு எதிர்ப்பு இல்லை. எண்ணெய் பின்தங்கினால், நீங்கள் ஒவ்வொரு முறையும் அதை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். உங்கள் ஆற்றல் வெப்பமாக மாறும். எலக்ட்ரான்கள் மட்டம் பிடிப்பதற்கு உதவுவது சிதறல்தான். தூய, குளிர்ந்த உலோகத்தில் சிதறல் அரிது. எனவே தளர்வு நேரம் நீள்கிறது, பின்தங்கல் கூடுகிறது, தணிப்பு ஏறுகிறது. மின்தடை குறைந்த உலோகம் ஏன் அதிகம் தணிக்கிறது என்ற புதிருக்கு விடை இதுவே.

பின்தங்கல் எவ்வளவு சிறியது என்பதையும் கவனியுங்கள். அறை வெப்பநிலையில் தளர்வு நேரம் 10 ஃபெம்டோ விநாடி அளவு. சுழற்சியின் ஒரு சுற்று 10 கிகாஹெர்ட்ஸில் 1,00,000 ஃபெம்டோ விநாடி. எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட உடனுக்குடன் தொடர்கின்றன. எஞ்சும் மிகச் சிறிய தாமதமே தணிப்பாக வெளிப்படுகிறது. தாமதம் இவ்வளவு சிறிதாக இருப்பதால்தான் விளைவு தளர்வு நேரத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. ஒரே பட்டைக்குள் (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகளின் தொடர்ச்சியான தொகுப்புக்குள்) நடக்கும் இந்த வழியைக் கடத்துதிறன் போக்கு என்று அழைப்போம்: மின்கடத்து எண் கூடினால் இதுவும் கூடும்.

இரண்டாவது வழி பட்டைகளுக்கு இடையே நடக்கிறது. கம்பெர்ஸ்கி 1976இல் கொடுத்த விரிவான கோட்பாடு இரண்டையும் ஒரே வாய்பாட்டில் சேர்த்தது. சுழலும் காந்தமாக்கல், ஸ்பின்-சுற்றுப்பாதை இணைப்பின் வழியே, எலக்ட்ரானை ஒரு பட்டையிலிருந்து இன்னொரு பட்டைக்குத் தூக்கப் பார்க்கிறது. ஆனால் அதனிடம் உள்ள ஆற்றல் அற்பம். 10 கிகாஹெர்ட்ஸ் சுழற்சியின் ஒரு குவாண்டம் 0.04 மில்லி எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. பட்டைகளுக்கிடையே உள்ள இடைவெளியோ பொதுவாக அதைவிடப் பல நூறு, பல ஆயிரம் மடங்கு பெரியது. சிதறலே இல்லாத உலோகத்தில் இந்தத் தாவல் நடக்க வழியில்லை.

சிதறல் இருந்தால் நிலைமை மாறுகிறது. ஒரு நிலையில் எலக்ட்ரான் தங்கும் நேரம் குறுகினால், குவாண்டம் இயற்பியலின்படி அந்த நிலையின் ஆற்றல் கூர்மை இழந்து பரவுகிறது. தளர்வு நேரம் 10 ஃபெம்டோ விநாடி என்றால் பரவல் சுமார் 66 மில்லி எலக்ட்ரான் வோல்ட். இடைவெளிகள் பலவற்றைப் பாலமிட இது போதுமானது. சிதறல் கூடக்கூடப் பட்டைகள் மேலும் மங்குகின்றன, தாவல்கள் பெருகுகின்றன, தணிப்பு ஏறுகிறது. இதை மின்தடைப் போக்கு எனலாம். சூடாக்கினால் கூடுவது இதுதான். நம் பொது அறிவு எதிர்பார்க்கும் உராய்வும் இதுவே. ஆனால் இது முடிவில்லாமல் ஏறாது. பரவல் இடைவெளிகளை முழுக்க மூடிவிட்ட பிறகு ஏற்றம் தளர்ந்து தட்டையாகிறது.

இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில், ஒரே உலோகத்தில் வேலை செய்கின்றன. ஒன்று தளர்வு நேரத்தோடு ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. ஆகவே கூட்டுத்தொகைக்கு எங்கோ ஒரு குறைந்தபட்சம் இருந்தே ஆக வேண்டும்.

படி 4: வெப்பநிலையை மின்தடை வழியாக நுழையுங்கள்

தணிப்பு வாய்பாட்டில் வெப்பநிலை நேரடியாகத் தலைகாட்டுவது மிகக் குறைவு. அது தளர்வு நேரத்தின் வழியாகத்தான் வருகிறது. தளர்வு நேரத்தை நேரில் அளப்பது கடினம். மின்தடை எண்ணை அளப்பது எளிது. எனவே படலத்தின் மின்தடை எண்ணை ஒவ்வொரு வெப்பநிலையிலும் அளந்து, 300 கெல்வினில் உள்ள மதிப்பால் வகுத்து ஒரு விகிதமாக்கிக்கொள்ளுங்கள். தணிப்பு இரண்டு துண்டுகளின் கூட்டுத்தொகை: முதல் மாறிலியை இந்த விகிதத்தால் வகுத்தது ஒன்று, இரண்டாவது மாறிலியை இந்த விகிதத்தால் பெருக்கியது மற்றொன்று.

கற்பனை எண்களை வைத்துப் பார்ப்போம். கடத்துதிறன் போக்கின் மாறிலி 0.001, மின்தடைப் போக்கின் மாறிலி 0.004 என்று கொள்ளுங்கள். 300 கெல்வினில் விகிதம் 1, ஆல்ஃபா 0.005. குளிர்வித்து விகிதம் 0.5 ஆகும்போது ஒவ்வொரு துண்டும் 0.002, ஆல்ஃபா 0.004 என்ற தன் அடிமட்டத்தைத் தொடுகிறது. விகிதம் 0.25க்கு இறங்கினால் ஆல்ஃபா மறுபடி 0.005. விகிதம் 0.1 ஆனால் 0.0104. குறைந்தபட்சம் எங்கே வரும் என்பதை இரண்டு மாறிலிகளே முடிவு செய்கின்றன: முதலாவதை இரண்டாவதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அந்த விகிதம் கிடைக்கும்.

இந்த எளிய கணக்கில் ஒரு முக்கியச் செய்தி ஒளிந்திருக்கிறது. ஒரு மாதிரிப் பொருள் எந்த வெப்பநிலையில் எப்படி நடக்கும் என்பது, அதன் மின்தடை எவ்வளவு தூரம் இறங்க முடியும் என்பதைப் பொறுத்தது. மாசுகளும் படிகக் குறைகளும் உள்ள படலத்தில் மின்தடை ஒரு எஞ்சிய அளவுக்குக் கீழே இறங்காது. அந்த இடத்தோடு தணிப்பின் மாற்றமும் நின்றுவிடும். இரண்டு ஆய்வகங்கள் ஒரே உலோகத்தை அளந்து முரணான வளைகோடுகளை வெளியிட்டால், முதலில் அவற்றின் எஞ்சிய மின்தடைகளை ஒப்பிடுங்கள். பல முரண்கள் அங்கேயே கரைந்துவிடும்.

வாய்பாட்டின் எல்லையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பட்டைக்கும் தளர்வு நேரம் வேறுபடலாம். மின்தடையைத் தீர்மானிக்கும் எலக்ட்ரான்களும் தணிப்பைத் தீர்மானிக்கும் எலக்ட்ரான்களும் ஒரே கூட்டமாக இருக்க வேண்டியதில்லை. மின்தடை மிக அதிகமான பொருளில் மின்தடைப் போக்கு தட்டையாகிவிடுவதால் நேர்விகிதம் பொருந்தாது. இது வழிகாட்டும் கருவி. இதிலிருந்து கிடைக்கும் மாறிலிகளை மூன்று இலக்கத் துல்லியத்தோடு எழுதுவதில் பொருள் இல்லை.

படி 5: உண்மையான உலோகங்களில் பொருத்திப் பாருங்கள்

பகத்தும் லூபிட்ஸும் 1974இல் இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றையும் பரந்த வெப்பநிலை எல்லையில் அளந்து வெளியிட்டார்கள். இன்றும் கோட்பாட்டாளர்கள் தங்கள் கணக்கை முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்தத் தரவோடுதான்.

நிக்கலில் கடத்துதிறன் போக்கு வலுவானது. அறை வெப்பநிலையை ஒட்டி வளைகோடு தட்டையாக இருந்து, குளிர்விக்கும்போது செங்குத்தாக ஏறி, மிகக் குறைந்த வெப்பநிலையில் மறுபடி சமன்படுகிறது. சிறிதளவு தாமிரத்தைக் கலந்தால் அந்த ஏற்றம் மங்குகிறது. மாசு சிதறலைக் கூட்டித் தளர்வு நேரத்தைக் குறைக்கிறது; ஆக இது இந்தப் படிமத்துக்குக் கிடைத்த மிக நேரடியான சான்று. அழுக்கைச் சேர்த்துத் தணிப்பைக் குறைக்க முடிகிறது என்பதை முதன்முதலில் படிக்கும் எவருக்கும் ஒரு கணம் நின்று யோசிக்கத் தோன்றும்.

தடித்த தூய படிகங்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மைக்ரோ அலை உலோகத்தின் மேல்தோலில் மட்டுமே ஊடுருவுகிறது. குளிர்ந்த தூய உலோகத்தில் எலக்ட்ரான் மோதாமல் ஓடும் தூரம் அந்த ஆழத்தையே மிஞ்சிவிடலாம். அப்போது சுழற்சி சீராக இருப்பதில்லை. ஏற்றம் சமன்படுவதில் இதற்கும் பங்குண்டு. மென்படலங்களில் இந்தத் தொல்லை பெரிதும் குறைவு.

கோபால்ட்டிலும் குறைந்த வெப்பநிலை ஏற்றம் தெளிவாகத் தெரிகிறது. இரும்பின் நிலை வேறு: இரண்டு போக்குகளும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் பரந்த எல்லையில் தணிப்பு அதிகம் மாறுவதில்லை. ஆயினும் ஒழுங்கான படிகமாக வளர்க்கப்பட்ட இரும்பு மென்படலங்களில் குளிர்விக்கும்போது தணிப்பு ஏறுவதையும், படிகத் தரம் உயர்ந்த படலத்தில் அந்த ஏற்றம் அதிகமாக இருப்பதையும் 2020இல் வெளியான அளவீடுகள் காட்டின. போக்கு அங்கேயும் இருக்கிறது, அதை வெளிப்படுத்தத் தூய்மை தேவைப்பட்டது.

பெர்மல்லாய் விரைவில் முடியும் கதை. நிக்கல் அணுக்களும் இரும்பு அணுக்களும் ஒழுங்கின்றி இடம் பிடித்திருப்பதால் 4 கெல்வினில்கூடச் சிதறல் பலமாக இருக்கிறது. மின்தடை பெரிதாக மாறாததால் தணிப்பும் மாறுவதில்லை.

கோபால்ட்-இரும்புக் கலவையின் மிகக் குறைந்த தணிப்புக்குக் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. ஃபெர்மி மட்டத்தில் எலக்ட்ரான்கள் அமரக்கூடிய நிலைகளின் அடர்த்தி அந்தக் குறிப்பிட்ட விகிதத்தில் அடிமட்டத்தைத் தொடுகிறது. இடம் மாற எலக்ட்ரான்களே குறைவு என்றால் இரண்டு வழிகளும் வறண்டுபோகும்.

படி 6: அளவீட்டைச் சரியாக அமையுங்கள்

ஃபெர்ரோ காந்த ஒத்ததிர்வை 1946இல் கிரிஃபித்ஸ் கண்டறிந்தார். 1948இல் கிட்டெல் ஒத்ததிர்வுப் புலத்துக்கான வாய்பாட்டைத் தந்தார். இன்று வழக்கத்தில் உள்ள முறையில், படலத்தை ஓர் அலைநடத்தியின் மேல் கவிழ்த்து வைத்து, மைக்ரோ அலையைச் செலுத்தி, வெளிப்புலத்தை மெல்ல மாற்றுகிறோம். ஒத்ததிர்வில் உறிஞ்சல் கூடி ஒரு கோடு கிடைக்கிறது. அதன் அகலம்தான் நமக்கு வேண்டியது.

ஒரே அதிர்வெண்ணில் அளந்த அகலத்திலிருந்து ஆல்ஃபாவைச் சொல்லாதீர்கள். படலத்தின் சீரின்மையும் கோட்டை அகலப்படுத்தும். அந்தப் பங்கு அதிர்வெண்ணைச் சாராதது. 5 முதல் 40 கிகாஹெர்ட்ஸ் வரை பல அதிர்வெண்களில் அளந்து, அகலத்தை அதிர்வெண்ணுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோட்டின் வெட்டு சீரின்மையைத் தரும், சாய்வு ஆல்ஃபாவைத் தரும். பாதி உயரத்தில் உள்ள முழு அகலத்தை எடுத்தால், தணிப்பின் பங்கு என்பது ஆல்ஃபாவின் இருமடங்கை அதிர்வெண்ணால் பெருக்கி 28ஆல் வகுத்தது. பெர்மல்லாய்க்கு 10 கிகாஹெர்ட்ஸில் இது 5 மில்லி டெஸ்லா. பல கருவிகள் வகைக்கெழு வடிவத்தைத் தருகின்றன. அதில் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை 3இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால்தான் முழு அகலம் வரும். இந்த ஒரு பெருக்கலை மறந்தால் விடை 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்து நிற்கும்.

புலத்தைப் படலத்தின் தளத்துக்குச் செங்குத்தாக வையுங்கள். அந்த அமைப்பில் இரு-மேக்னான் சிதறல் அணைந்துவிடும். இதற்கு வலுவான காந்தம் வேண்டும்: இரும்பில் 20 கிகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வைக் காண ஏறக்குறைய 2.9 டெஸ்லா, பெர்மல்லாய்க்கு 1.7 போதும். தளத்துக்குள் புலம் வைத்துத்தான் அளக்க முடியும் என்றால், அகலக் கோடு வளைகிறதா என்று உன்னிப்பாகப் பாருங்கள். வளைந்தால் அதில் நேர்கோட்டைப் பொருத்தக் கூடாது. இரண்டுக்கும் இடைப்பட்ட சாய்ந்த கோணங்களை அறவே தவிருங்கள். அங்கே காந்தமாக்கலும் புலமும் ஒரே திசையில் இருப்பதில்லை, கோடு வீணாக அகலும்.

குளிர்கலனுக்குள் வெப்பநிலை உணரி மாதிரிப் பொருளை ஒட்டியே இருக்க வேண்டும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் முழு அதிர்வெண் வரிசையையும் எடுங்கள். அதே படலத்தின், அல்லது அதோடு சேர்த்து வளர்த்த இரட்டைப் படலத்தின், மின்தடையையும் அதே வெப்பநிலைகளில் அளந்துவிடுங்கள். இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் ஆய்வுகளே அதிகம். நான்காம் படியின் வரைபடத்தைப் போட அது இல்லாமல் முடியாது.

படி 7: போலி ஏற்றங்களைக் களையுங்கள்

குளிர்வித்தபோது தணிப்பு ஏறியது. அது கடத்துதிறன் போக்குதானா? இன்னும் மூன்று பேர் சந்தேகப் பட்டியலில் இருக்கிறார்கள்.

முதல் சந்தேகம் சுழல் மின்னோட்டம். இதுவும் மின்கடத்து எண்ணுக்கு நேர்விகிதத்தில் ஏறும். வளைகோட்டைப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரிக்கவே முடியாது. இதைக் காட்டிக்கொடுப்பது தடிமன். சுழல் மின்னோட்டத் தணிப்பு தடிமனின் வர்க்கத்தோடு வளர்கிறது. 25 நானோமீட்டர் இரும்புப் படலத்தில் அது சிறியது. 100 நானோமீட்டரில் உள்ளார்ந்த தணிப்போடு ஒப்பிடத்தக்க அளவை எட்டலாம், அதுவும் மின்தடை இறங்கிய குளிர் நிலையில். வெவ்வேறு தடிமன்களை அளந்து, வர்க்கமாக வளரும் பகுதியைக் கழித்துவிடுங்கள்.

இரண்டாவது, பக்கத்துப் படலங்களுக்குப் பாயும் ஸ்பின். இது பரப்பில் நடப்பதால் தடிமனுக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஆல்ஃபாவைத் தடிமனின் தலைகீழுக்கு எதிராக வரைந்து, வெட்டுப்புள்ளியை எடுத்தால் பரப்பின் பங்கு விலகிவிடும்.

மூன்றாவதே மிக அதிகமாக ஏமாற்றுவது. காற்றில் திறந்து வைத்த படலத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு உருவாகிறது. கோபால்ட் ஆக்சைடு 291 கெல்வினுக்குக் கீழே எதிர்ஃபெர்ரோ காந்தமாக, அதாவது அண்டை ஸ்பின்கள் எதிரெதிர் திசையில் நிற்கும்படி, ஒழுங்குபடுகிறது. மெல்லிய படலத்தில் அந்த வெப்பநிலை இன்னும் கீழே இறங்கும். அந்த ஒழுங்கு உருவாகும் பகுதியில் அது காந்தமாக்கலைப் பற்றி இழுத்து, கோட்டகலத்தில் ஓர் உச்சியை உண்டாக்குகிறது. அருமண் தனிமங்களின் மாசுகளும் இதே போன்ற உச்சியைத் தரும். இங்கே அடையாளம் வளைகோட்டின் வடிவம்தான். கடத்துதிறன் போக்கு ஏறிய பின் சமன்படும். அது உச்சியைத் தொட்டுவிட்டு மறுபடி இறங்காது. 4 கெல்வினை நோக்கிப் போகும்போது உங்கள் தணிப்பு ஏறி, பின் குறைந்தால், எலக்ட்ரான் பட்டைகளைப் பற்றிய கட்டுரை எழுதுவதற்கு முன் படலத்தை ஆக்சிஜன் புகாத மேல்மூடியோடு மறுபடி வளர்த்துப் பாருங்கள்.

படி 8: சூடான முனையைத் தனியே கையாளுங்கள்

கியூரி வெப்பநிலையை நெருங்கும்போது ஆட்டத்தின் விதிகள் மாறுகின்றன. நிக்கலுக்கு அது சுமார் 630 கெல்வின், இரும்புக்கு 1043, கோபால்ட்டுக்கு 1388. அந்த எல்லையை நெருங்க நெருங்கக் காந்தமாக்கலின் அளவே சுருங்குகிறது. ஆல்ஃபா என்பது தளர்வு வீதத்தைக் காந்தமாக்கலால் வகுத்துக் கிடைக்கும் எண். ஆகவே தளர்வு வீதம் துளியும் மாறாவிட்டாலும் ஆல்ஃபா ஏறும். இந்த ஏற்றத்தை மின்தடைப் போக்கின் கணக்கில் சேர்த்துவிடும் தவறு எளிதில் நேரும். பழைய கட்டுரைகள் ஆல்ஃபாவுக்குப் பதில் விநாடிக்கு இத்தனை என்ற தளர்வு வீதத்தையே கொடுத்தன. 300 கெல்வினுக்கு மேல் வேலை செய்பவர்களுக்கு அந்தப் பழக்கம் இன்றும் நல்லது என்பது என் கருத்து.

இன்னும் நெருங்கினால் காந்தமாக்கலின் திசை மட்டுமல்லாமல் நீளமும் ஏறி இறங்கத் தொடங்குகிறது. கில்பர்ட்டின் சமன்பாடு நீளத்தை மாறாததாகக் கொள்வதால் அங்கே அது போதாது. கரானின் 1997இல் தந்த லாண்டாவ்-லிஃப்ஷிட்ஸ்-பிளாக் சமன்பாடு இரண்டு தணிப்புகளைப் பிரித்து எழுதுகிறது: திசைக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று. 1996இல் நிக்கல் படலத்தை லேசர் துடிப்பால் தாக்கியபோது காந்தமாக்கல் ஒரு பிக்கோ விநாடிக்கும் குறைவான நேரத்தில் சரிந்தது. அத்தகைய சோதனைகளைக் கையாள இந்தச் சமன்பாடு பெரிதும் பயன்படுகிறது. லேசரால் தூண்டி ஒளியால் படிக்கும் முறையில் தணிப்பை அளப்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். துடிப்பு விழுந்த இடம் குளிர்கலன் காட்டும் வெப்பநிலையில் இருப்பதில்லை. துடிப்பின் ஆற்றலைப் படிப்படியாகக் குறைத்து அளந்து, பூஜ்ய ஆற்றலுக்கு நீட்டிப் பார்த்த மதிப்பையே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 9: கணிப்புகளோடு ஒப்பிடும்போது

கணினிக் கணக்குகள் இரண்டு வகை. 2007இல் கில்மோர், இட்செர்டா, ஸ்டைல்ஸ் ஆகியோர் செய்ததைப் போன்ற வகையில் எலக்ட்ரான் பட்டைகள் அடிப்படைக் கோட்பாட்டிலிருந்து வருகின்றன. தளர்வு நேரம் மட்டும் வெளியிலிருந்து கொடுக்கப்படுகிறது. இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றிலும் இரு போக்குகளும் அவற்றின் இடையே உள்ள குறைந்தபட்சமும் அக்கணக்கில் தெளிவாக வெளிவந்தன. இத்தகைய கணக்கோடு ஒப்பிட உங்களிடம் வெப்பநிலை இருந்தால் போதாது. தளர்வு நேரம் வேண்டும், அதாவது மின்தடை வேண்டும்.

மற்றொரு வகையில் தளர்வு நேரம் என்ற இடைத்தரகரே இல்லை. அணுக்களை அந்த வெப்பநிலைக்குரிய அதிர்வு அளவுக்கு இடம்பெயர்த்து, ஸ்பின்களையும் சற்றுக் கலைத்து, அந்த ஒழுங்கின்மையிலேயே தணிப்பையும் மின்தடையையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். உலோகக்கலவைகளுக்கு இதுவே ஏற்ற வழி. ஒப்பிடும்போது முதலில் மின்தடை பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். அது பொருந்தாத நிலையில் தணிப்பு மட்டும் பொருந்தினால் அந்தப் பொருத்தத்தை நம்பாதீர்கள். இரு போக்குகளில் ஒன்றின் பிழையை மற்றொன்றின் பிழை ஈடுசெய்திருக்க வாய்ப்பு அதிகம்.